பில் பாதியில் நின்றால் முதலில் மணியைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொந்தரவைப் பற்றித்தான். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ‘டைம்அவுட்’ (காத்திருக்கும் நேரம் முடிந்தது) என்று ஒரு பெட்டி வருகிறது. அப்புறம் தானாகவே சரியாகிவிடுகிறது. கோவையில் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முழுசாகப் படுத்துவிட்ட சர்வரை எழுப்புவது எளிது. விட்டு விட்டு வரும் இந்தக் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். நாம் போய் உட்கார்ந்திருக்கும்போது வராது, கிளம்பி வண்டியை எடுத்ததும் வரும். எத்தனை கடைக்காரர்கள் இதனால் வாடிக்கையாளர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை வைத்திருக்கிறேன். கடையில் 11 கம்ப்யூட்டர், பின்னால் இருக்கும் குடோனில் 3. சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸ். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பில் நின்றுபோய் டைம்அவுட் வருகிறது. குடோனில் கொஞ்சம் அதிகம். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. சாப்ட்வேர்காரர் நெட்வொர்க்தான் காரணம் என்கிறார். நெட்வொர்க் பார்க்கும் தம்பி சாப்ட்வேர்தான் என்கிறார். ஆறு மாதமாக இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். புது சர்வர் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாங்க, இப்போது வாங்காதீர்கள். காரணம் தெரியாமல் வாங்கினால் அதே கோளாறு புதுப் பெட்டியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருவரில் யார் சொல்வது சரி என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு நோட்டும் ஒரு வாரமும் போதும்.

முதல் வேலை, பெட்டியில் வரும் ஆங்கில வரியைப் படிப்பது. ‘எர்ரர் வந்துச்சு, ஓகே கொடுத்துட்டேன்’ என்றுதான் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். பாதி பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அணுக முடியவில்லை என்ற பொருளில் வந்தால் வழியில் கோளாறு. ‘பூல்’ (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) என்ற சொல் அதில் இருந்தால், வாங்கிய இணைப்புகளைச் சாப்ட்வேர் திருப்பித் தராமல் வைத்திருக்கிறது. ‘எக்ஸிக்யூஷன் டைம்அவுட்’ என்று வந்தால் பெரும்பாலும் இணைப்பில் குறை இல்லை, சர்வருக்குக் கொடுத்த வேலைதான் நேரத்துக்குள் முடியவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஓகே கொடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எத்தனை நொடி நின்றது என்பதும் முக்கியம். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் எழுதிய சாப்ட்வேராக இருந்து, எழுதியவர் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், இணைப்பு கிடைக்க 15 நொடி, கட்டளை முடிய 30 நொடி காத்திருக்கும். 15 நொடியில் பெட்டி வந்தால் இணைப்பு கிடைக்கவில்லை. 30 நொடியில் வந்தால் வேலை முடியவில்லை. பெட்டி நொடியில் வந்து விழுந்தால் அது இன்னொரு வகை. எதிர்ப்பக்கம் யாரோ இருந்து ‘இங்கே இல்லை’ என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். பதிலே இல்லாமல் காத்திருந்து வந்தால், அனுப்பியது வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது.

அப்புறம் அந்த நோட்டு. எந்தக் கம்ப்யூட்டர், மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தார்கள், இந்த மூன்றையும் கவுண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘காலையில’ என்று எழுதக் கூடாது. 11.42 என்று எழுத வேண்டும். சர்வரின் கடிகாரமும் மற்றவையும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இந்த மணியைச் சர்வரின் பதிவோடு ஒப்பிட முடியாது. விட்டு விட்டு வருவது என்று நாம் சொல்லும் கோளாறு பெரும்பாலும் எதையோ பிடித்துக்கொண்டுதான் வருகிறது. மணியை எழுதினால்தான் எதைப் பிடித்து வருகிறது என்று தெரியும்.

குடோனில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரையும் போல நீங்களும் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. கடைக்கும் குடோனுக்கும் நடுவில் கேபிள்களைச் சேர்க்கும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் எங்காவது மாடிப்படி அடியிலோ அட்டைப்பெட்டி மேலேயோ கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அதன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். பழைய அடாப்டர் சூடேறி வோல்ட்டேஜ் இறங்கினால் ஸ்விட்ச் ஒரு கணம் அணைந்து எழும். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து வரிசையாக எரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேபிளின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். செம்புக் கம்பி லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. சுவரைச் சுற்றி, மாடி ஏறி இறங்கும்போது அது எளிதாகத் தாண்டிவிடும்.

குடோன் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பெட்டியைத் திறந்து வேகம் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். ஸ்விட்சும் கார்டும் கிகாபிட்டாக இருந்து, அங்கே 100 மெகாபிட் என்று காட்டினால் கேபிளில் ஒரு ஜோடி போய்விட்டது என்று சந்தேகப்படலாம். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் ஒரு கம்பி எலி கடித்துப் போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அந்தக் கம்பி விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்து அறுந்து சேரும்.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை. குடோனில் ஒரு கம்ப்யூட்டரில் மூன்று கருப்புத் திரை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, பக்கத்தில் இருக்கும் குடோன் கம்ப்யூட்டருக்கு ஒன்று, கடையில் ஏதாவது ஒரு பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். விண்டோஸின் பிங் மணி காட்டாது. ஒவ்வொரு வரியோடும் மணியைச் சேர்த்துக் கோப்பில் எழுதுகிற மாதிரி பவர்ஷெல்லில் நாலு வரி எழுதித்தர உங்கள் நெட்வொர்க் தம்பியால் முடியும். டைம்அவுட் வந்த அதே மணியில் மூன்றையும் பாருங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டர் பதில் சொல்லி, கடையும் சர்வரும் சேர்ந்து விட்டுப்போனால் நடுவில் உள்ள கேபிளோ ஸ்விட்சோதான். கடைக் கம்ப்யூட்டர் பதில் சொல்லி, சர்வர் மட்டும் விட்டுப்போனால் சர்வரின் நெட்வொர்க் கார்டு, அதன் கேபிள், அது மாட்டியிருக்கும் போர்ட். மூன்றும் ஒரு வரி விடாமல் வந்திருந்தால் அந்த நிமிடம் நெட்வொர்க் தப்பித்தது, சாப்ட்வேர்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். ஆறு மாதச் சண்டைக்கு அந்த ஒரு கோப்பு பதில் சொல்லிவிடும்.

ரீஸ்டார்ட் பற்றி ஒரு வார்த்தை. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். யார் யாரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள், எத்தனை இணைப்பு திறந்து கிடந்தது, எதுவுமே மிஞ்சாது. நீங்கள் ரீஸ்டார்ட் செய்து முடிக்கும் அந்த ஏழெட்டு நிமிடத்தில் கோளாறு தானாகவே போயிருக்கவும் கூடும். அதனால் அடுத்த முறை வந்தால் ரீஸ்டார்ட் பட்டனில் கை வைக்காமல் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. கொஞ்ச நேரம் யாரும் பில் போடாமல் இருந்துவிட்டு, அடுத்து வருபவருக்கு மட்டும் திணறுகிறதா என்று நோட்டில் பாருங்கள். எக்ஸ்பிரஸில் ‘ஆட்டோ குளோஸ்’ என்ற ஒரு அமைப்பு உண்டு. கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸையே மூடிவிடும். அடுத்தவர் வந்ததும் மறுபடி திறக்க வேண்டும். சர்வரின் எர்ரர் லாகில் ‘ஸ்டார்ட்டிங் அப் டேட்டாபேஸ்’ என்ற வரி ஒரு நாளில் பல தடவை இருந்தால் இதுதான். அதை ஆஃப் செய்ய ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: எங்கள் சாப்ட்வேரில் டைம்அவுட்டை 15 நொடியிலிருந்து 120 ஆக மாற்றிக் கொடுத்தார்கள். இது தீர்வுதானா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இல்லைம்மா. முன்பு 15 நொடியில் தெரிந்தது இனி 2 நிமிடம் கழித்துத் தெரியும், அவ்வளவுதான். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் அந்த 2 நிமிடமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூரத்துக் கிளையிலிருந்து மெதுவான லைனில் இணைகிறவர்களுக்கு 30 வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சர்வரோடு இணைவதற்கு ஒரு நொடிகூட ஆகக் கூடாது. பழைய எண்ணுக்கே மாற்றித்தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் விதை, உரக் கடை. உடுமலையில் கிளை. இரண்டுக்கும் நடுவில் ஃபயர்வால் வைத்து விபிஎன் (இன்டர்நெட் வழியே தனி இணைப்பு) போட்டிருக்கிறோம். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். கிளையில் மதியம் ஒன்றரைக்குக் கடை சாத்தி மூன்றரைக்குத் திறப்பார்கள். திறந்ததும் முதல் பில் தொங்கி எர்ரர் வருகிறது. சாப்ட்வேரை மூடித் திறந்தால் சாயங்காலம் வரை பிரச்சினை இல்லை. பொள்ளாச்சிக் கடையில் இப்படி வருவதே இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மதியம் சாத்தி வைக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் விஷயம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இதே கோளாறுக்காக மூன்று முறை போனேன். முதல் தடவை ஸ்விட்சை மாற்றினேன். இரண்டாம் தடவை எல்லா முனையிலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். மூன்றாம் தடவை போனபோது கணக்குப் பிரிவில் இருந்த அம்மா ஒரு லாங் சைஸ் நோட்டை என் முன்னால் வைத்தார். பின்பக்கத்திலிருந்து திருப்பி, ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு, பென்சிலில் எழுதியிருந்தார். தேதி, மணி, அதற்கு முன்னால் கடைசியாக எப்போது அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள் என்பது. அந்த மூன்றாவது கட்டத்தை எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை. சில வரிகளுக்கு எதிரில் ‘சாப்பாடு’, சில வரிகளுக்கு எதிரில் ‘பேங்க் போனேன்’. ‘சும்மா எந்திரிச்சுப் போனா வர்றதில்லீங்க சார். ரொம்ப நேரம் கழிச்சு வந்தாத்தான் வருது’ என்றார். இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை.

ஃபயர்வால் தன் வழியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கும். குறிப்பிட்ட நேரம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடும். பல ஃபயர்வால்களில் அந்த நேரம் 3600 நொடி, அதாவது சரியாக ஒரு மணி நேரம். அடித்ததைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சொல்லாது. கிளையில் இருக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். சர்வரும் அப்படியே நம்பும். மூன்றரை மணிக்குப் பில் கேட்டால் ஃபயர்வால் ‘இது யார், தெரியாது’ என்று அதைக் கீழே போட்டுவிடும். கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, கடைசியில் கைவிட்டு எர்ரர் காட்டும். சாப்ட்வேரை மூடித் திறந்தால் புது இணைப்பு, பட்டியலில் புது வரி. அதனால்தான் சாயங்காலம் வரை சரியாக ஓடுகிறது.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பும் வசதி விண்டோஸிலும் லினக்ஸிலும் உண்டு. ‘கீப் அலைவ்’ என்பார்கள். ஆனால் இரண்டிலும் அது முதல் தடவை போவதற்கு 7200 நொடி, இரண்டு மணி நேரம், அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஃபயர்வால் ஒரு மணியில் அடித்துவிடுகிறது, கீப் அலைவ் இரண்டு மணியில்தான் கிளம்புகிறது. அந்த எண்ணைச் சர்வரில் 10 நிமிடமாகக் குறைத்துவிட்டால் போதும். இல்லையென்றால் ஃபயர்வாலில் மைஎஸ்க்யூஎல் பேசும் 3306 போர்ட்டுக்கு மட்டும் அந்த நேரத்தைக் கூட்டலாம். எல்லாப் போர்ட்டுக்கும் கூட்டாதீர்கள், பட்டியல் நிறைந்துபோய் வேறு வம்பு வரும். திருப்பூரில் சர்வரில் எண்ணை மாற்றினேன், அன்றிலிருந்து அந்த நோட்டில் புது வரி விழவில்லை. இன்றைக்கும் நான் நோட்டு கேட்பது அந்த அம்மாவைப் பார்த்துத்தான்.

பொள்ளாச்சியில் ராத்திரி சாப்ட்வேரை மூடாமல் விட்டுப்போனால் மட்டும் காலையில் முதல் பில்லுக்கு ஒரு எர்ரர் வரலாம். அது தொங்காது, உடனே வரும். சும்மா இருக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் 28,800 நொடி, எட்டு மணி நேரம் பார்த்துவிட்டுத் தானே மூடிவிடும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் டெவலப்பராக இருக்கிறேன். நான் எழுதிய ஸ்டாக் சாப்ட்வேர் காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் பூலில் இணைப்பு கிடைக்கவில்லை என்று வருகிறது. சீனியர் ஒருவர் மேக்ஸ் பூல் சைஸை 500 ஆக்கச் சொல்கிறார்.

பதில்: தம்பி, ஆக்காதே. எதுவும் சொல்லாமல் விட்டால் ஒரு பூலில் 100 இணைப்பு. ஸ்டாக் பார்க்கும் சாப்ட்வேருக்கு ஒரே நேரத்தில் 100 தேவைப்படாது. காலையில் சரியாக ஓடி மதியம் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு இடத்தில் எடுத்த இணைப்பு திரும்ப வரவில்லை. 500 ஆக்கினால் மதியத்துக்குப் பதில் நாளை மறுநாள் நிற்கும், அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

ஓப்பன் செய்த ஒவ்வொரு இடத்தையும் தேடு. கடைசி வரியில் குளோஸ் எழுதியிருப்பாய். நடுவில் ஏதாவது எர்ரர் எறிந்தால் அந்த வரிக்கு வரவே வராது. ஸ்டாக் இல்லாத பொருளைத் தேடும்போது, தேதி தப்பாக அடிக்கும்போது என்று அபூர்வமாகத்தான் அந்தப் பாதையில் போகும். அதனால்தான் கசிவு மெதுவாக நடக்கிறது. ‘யூசிங்’ பிளாக்குக்குள் வைத்துவிட்டால் எப்படி வெளியே வந்தாலும் மூடிவிடும். டேட்டா ரீடரைத் திருப்பி அனுப்பும் ஃபங்க்‌ஷன் இருந்தால் அதை முதலில் பார், நான் பார்த்த கசிவுகளில் நிறைய அங்கேதான். இன்னொன்று, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் ஒரு எழுத்து மாறினாலும் அது தனிப் பூல். யூசர் பெயரை அதில் சேர்த்துக் கட்டியிருந்தால் ஆளுக்கு ஒரு பூல் உருவாகும்.

கேள்வி: கரூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர். மாதம் முழுக்கச் சரியாக ஓடும் சாப்ட்வேர், 8 முதல் 11ஆம் தேதி வரை மட்டும் பில்லிங்கில் டைம்அவுட் தருகிறது. நெட்வொர்க்கில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. தேதி பார்த்தா நெட்வொர்க் கெடும்?

பதில்: தேதி பார்த்து நெட்வொர்க் கெடாது, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். 11ஆம் தேதி மாதாந்திர ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை விவரம்) தாக்கல் செய்யக் கடைசி நாள். அதற்கு முந்தைய நாட்களில் உங்கள் கணக்குப் பிரிவில் விற்பனை அறிக்கையை எடுத்து, சரிபார்த்து, திருத்தி, மறுபடி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தும் கேட்பார்கள். 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் நேரத்திலும் கொஞ்சம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு மாத விற்பனையை முழுக்கப் படிக்கும் அறிக்கை, டேபிளைப் பக்கம் பக்கமாகப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டு போகும். அந்த நேரம் அதே பக்கத்தில் புது பில் எழுத வருபவர் காத்திருக்க வேண்டும். அவர் ஏற்கெனவே சிலவற்றைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பதால் அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். 30 நொடி தாண்டியதும் கவுண்டரில் டைம்அவுட். அறிக்கை எடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கு வர வேண்டியது வந்துவிடும். அதனால் கோளாறு எங்கே என்று கேட்டால் எல்லாரும் கவுண்டரைத்தான் காட்டுவார்கள்.

எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால், நின்றுபோன அந்த நிமிடத்தில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘எஸ்பி ஹூ டூ’ கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். இணைந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வரும். அதில் ‘பிஎல்கே பை’ என்ற கட்டத்தில் இவரை யார் தடுக்கிறார் என்ற எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய வரிக்குப் போனால் அவரை இன்னொருவர் தடுத்துக்கொண்டிருப்பார். இப்படியே பிடித்துக்கொண்டு போனால் யாராலும் தடுக்கப்படாமல் மற்றவர்களைத் தடுக்கும் ஒருவரிடம் போய் நிற்கும். அந்த வரியில் கம்ப்யூட்டர் பெயரும் இருக்கும். பெரும்பாலும் அது உங்கள் அறையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தவறாக நினைக்காதீர்கள், உங்கள் பேரில் குற்றமில்லை. அறிக்கையை எழுதியவர் யோசித்திருக்க வேண்டியது.

உடனடியாகச் செய்யக்கூடியது, பெரிய அறிக்கைகளைக் காலை பில்லிங் தொடங்கும் முன்போ ராத்திரியோ எடுப்பது. நிரந்தரமாக வேண்டுமென்றால் தேதிக் கட்டத்துக்கு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாததால் ஒரு மாதத்துக்காகப் பத்து வருட பில்லையும் படித்துக்கொண்டிருக்கலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2005லிருந்தே ‘ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்தால் படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார், எழுதுபவரும் படிப்பவரைத் தடுக்க மாட்டார். டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் வேலை கூடும் என்பதால், சாப்ட்வேர் கொடுத்தவர் முதலில் ஒரு நகலில் சோதித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். நெட்வொர்க்குக்குச் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பில்லிங் கவுண்டருக்கு வைஃபை போதுமா? சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கேபிள்தான் என் பதில். வைஃபையில் ஒரு நொடி தடுமாறினால் வீடியோ பார்ப்பவருக்குத் தெரியாது, பில் போடுபவருக்குத் தெரியும். சுவரை உடைக்கவே வேண்டாம், ஓரமாகப் பிவிசி கேசிங் அடித்து உள்ளே விட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும். கரண்ட் ஒயரோடு ஒரே குழாயில் மட்டும் போட வேண்டாம்.

கேள்வி: தஞ்சாவூரில் மருந்துக் கடை. கரண்ட் போய் வந்த பிறகு சில நாள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் மட்டும் சர்வரைக் காணவில்லை என்கின்றன. மற்றவை ஓடுகின்றன. அரை மணியில் தானாகச் சரியாகிறது, அப்புறம் வேறு கம்ப்யூட்டருக்கு வருகிறது. பிங் அடித்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது. பிங் வந்தால் நெட்வொர்க் சரி என்றுதானே அர்த்தம்?

பதில்: அந்த ஐபி எண்ணில் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது உங்கள் சர்வர்தானா என்பதைப் பிங் சொல்லாது. அது டேட்டாபேஸின் கதவையும் தட்டிப் பார்க்காது. எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாக 1433 போர்ட்டில் கேட்கும். தனிப் பெயர் வைத்து நிறுவியதாக (நேம்டு இன்ஸ்டன்ஸ்) இருந்தால் முதலில் யுடிபி 1434இல் போய், எந்தப் போர்ட் என்று விசாரித்துவிட்டு வர வேண்டும். சர்வர் எழுந்தபின் அந்த விசாரணைக்கான ‘பிரவுசர்’ சர்வீஸ் ஓடவில்லையென்றாலும் பிங் நன்றாகவே வரும். ஆனால் உங்களுக்கு ஆள் மாறி மாறி வருவதால் எனக்கு வேறு சந்தேகம்.

என் வாடிக்கையாளர் ஒருவர் கடையில் இதே மாதிரி நடந்தது. நானும் பிங் அடித்துப் பார்த்துவிட்டு நெட்வொர்க்கை விட்டுவிட இருந்தேன். ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றிலும் ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றிலும் பிங் திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வரியின் கடைசி எண் மட்டும் வேறாக இருந்தது. ஓடுவதில் டிடிஎல் (பதில் சொல்லும் கருவி தன் பதிலோடு அனுப்பும் ஒரு எண்) 128. ஓடாததில் டிடிஎல் 64. ஒரே நெட்வொர்க்குக்குள் விண்டோஸ் பதில் சொன்னால் 128 வரும். லினக்ஸ் பதில் சொன்னால் 64 வரும். அவர் சர்வர் விண்டோஸ். அப்படியானால் 64 சொன்னது யார்? எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ‘ஏஆர்பி மைனஸ் ஏ’ கட்டளையை இரண்டிலும் கொடுத்தேன். ஒரே ஐபி எண்ணுக்கு இரண்டிலும் வேறு வேறு மேக் எண் (கருவியின் சொந்த அடையாள எண்) இருந்தது. சர்வரின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4199 என்ற எண்ணில் முகவரி மோதல் என்று கரண்ட் வந்த மணியோடு பதிவாகியிருந்தது.

கடையைச் சுற்றித் தேடினோம். கல்லாவுக்கு மேலே பரணில் சிசிடிவி கேமராவின் டிவிஆர் (பதிவுப் பெட்டி). அதைப் பொருத்தியவர், காலியாக இருக்கிறது என்று நினைத்துச் சர்வரின் ஐபியையே அதற்கும் கொடுத்திருந்தார். சர்வர் யுபிஎஸ்ஸில், டிவிஆர் நேரடிக் கரண்டில். கரண்ட் வந்து டிவிஆர் எழும் ஒவ்வொரு முறையும் ‘இந்த எண் என்னுடையது’ என்று சொல்லும். அதைக் கேட்ட கம்ப்யூட்டர்கள் பில்லை டிவிஆருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அது பிங்குக்குப் பதில் சொல்லும், 1433க்கு என்ன சொல்லும்?

அதனால் இன்றைக்கே டிவிஆர், பிரிண்டர், பயோமெட்ரிக், வைஃபை ரவுட்டர் எல்லாவற்றின் ஐபியையும் ஒரு தாளில் எழுதுங்கள். சர்வருக்குக் கொடுத்த எண்ணை ரவுட்டர் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே வையுங்கள். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் காணவில்லை என்று சொல்லும் கம்ப்யூட்டரில் பிங் அடித்து, டிடிஎல் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.